தீப்பிடிக்காத வாயு கசிந்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

திரவ நைட்ரஜன், திரவ ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு, ஏசி மற்றும் குளிர்பதன இயந்திரங்களில் ஓடும் வாயுக்கள் ஆகியவற்றின் கசிவு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அமோனியாவும் குளோரினும் நச்சு வாயுக்கள். அவற்றைக் கையாளும் முறையே வேறு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

கேள்வி: எங்கள் சிலிண்டரில் பச்சை லேபிள் ஒட்டியிருக்கிறது. தீப்பிடிக்காது, நச்சும் இல்லை என்கிறார்கள். பிறகு எதற்கு இவ்வளவு எச்சரிக்கை?

பதில்: லேபிளில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கசிந்த வாயு அறையில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இறங்கினாலே ஆபத்தான சூழல் என்று கொள்ள வேண்டும். 16க்குக் கீழே நிதானம் தடுமாறும், 10க்குக் கீழே நினைவு தப்பும். 6 அல்லது அதற்கும் குறைவு என்றால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

நைட்ரஜன், ஆர்கான் கசிவில் மிக மோசமானது, மூச்சுத் திணறலே தெரியாது என்பதுதான். திணறல் உணர்வு முக்கியமாக உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது, ஆக்சிஜன் குறைவதால் அல்ல. நைட்ரஜனை உள்ளிழுக்கும்போதும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியே போய்விடுகிறது. அதனால் மூளைக்கு எச்சரிக்கை போவதே இல்லை. வாசனையும் கிடையாது. "மூச்சு முட்டினால் வெளியே வந்துவிடலாம்" என்று நினைத்துக்கொண்டு யாரும் உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் 25 லிட்டர் திரவ நைட்ரஜன் வைத்திருக்கிறோம். முழுதும் கொட்டினால் எவ்வளவு ஆபத்து?

பதில்: திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்துக்கு வரும்போது ஏறத்தாழ 690 லிட்டர் வாயுவாகிறது. 25 லிட்டர் கொட்டினால் 17 கன மீட்டர். உங்கள் அறை 60 கன மீட்டர். கணக்கு இப்படி: 60இல் 17ஐக் கழித்தால் 43. அதை 0.21ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 0.15. அதாவது ஆக்சிஜன் சுமார் 15 சதவீதத்துக்கு இறங்கும். வாயு அறை முழுக்கச் சீராகக் கலந்தால்தான் இந்த 15. கொட்டிய உடனே தரையை ஒட்டி இதைவிட வெகு குறைவாக இருக்கும். அந்த அறைக்கு ஆக்சிஜன் அலாரம் கட்டாயம் வேண்டும், அதன் காட்சித்திரை கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் அளவு தெரியும் என்றால் அந்த அலாரத்தால் பயனில்லை.

கேள்வி: கதவைத் திறந்ததும் தரையெங்கும் வெள்ளைப் புகை. முதல் சில நிமிடங்களில் என்ன வரிசையில் என்ன செய்யணும்?

பதில்: உள்ளே காலை வைக்காதீர்கள். கதவைத் திறந்தபடி விட்டுப் பின்வாங்குங்கள், ஆனால் அந்தக் கதவு இன்னொரு மூடிய அறைக்கோ கீழ்த்தளத்துக்கோ போகும் வழியில் திறந்தால் மூடிவிடுங்கள். மற்றவர்களைக் கத்திக் கூப்பிட்டு வெளியேற்றுங்கள். திறந்தவெளியில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேடான இடத்துக்குப் போங்கள். பிறகு தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு வாயுவின் பெயரையும் லேபிளில் உள்ள நாலிலக்க யு.என். எண்ணையும் (ஆபத்தான பொருளை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) சொல்லுங்கள். குளிரூட்டிய திரவ நைட்ரஜனுக்கு 1977, திரவ ஆர்கானுக்கு 1951, சிலிண்டரில் வரும் கார்பன் டை ஆக்சைடுக்கு 1013. "ஏதோ கேஸ் லீக்" என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் எரிவாயுவுக்குத் தயாராகி வருவார்கள்.

வெளியிலிருந்தே மூடக்கூடிய வால்வ் இருந்தால் மூடுங்கள், வெளியே சுவிட்ச் உள்ள எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். வட அமெரிக்க அவசரப் பணியாளர்கள் தொடக்கத்தில் எல்லாத் திசையிலும் 100 மீட்டர் ஒதுக்கிவைக்கிறார்கள். டேங்கர் தீயில் சிக்கியிருந்தால் 800 மீட்டர்.

நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை அந்த வாயு அல்ல, குளிரில் உறைந்த ஈரப்பதம். புகை முடிந்த இடத்தோடு ஆபத்து முடிவதில்லை. கொதிநிலையில் உள்ள நைட்ரஜன் வாயு அறைக் காற்றைப் போல் நாலு மடங்கு கனம், அதனால் பள்ளம், சாக்கடை, கேபிள் குழி எல்லாவற்றிலும் இறங்கித் தேங்கும்.

கேள்வி: உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் இழுத்து வரக்கூடாதா?

பதில்: கூடாது. இந்த வகைக் கசிவில் முதலில் விழுந்தவரோடு காப்பாற்றப் போனவர்களும் சாகிறார்கள். 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கெயின்ஸ்வில்லில், கோழி இறைச்சி ஆலை ஒன்றில் உறைவிப்பானிலிருந்து திரவ நைட்ரஜன் வழிந்தது. திரவ மட்டத்தை அளக்கும் அமைப்பின் குழாய் வளைந்திருந்ததால் மட்டம் ஏறியது கருவிக்குத் தெரியவில்லை. ஆக்சிஜன் அலாரமும் இல்லை. முதலில் சிக்கிய இருவருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர்களில் நால்வர் இறந்தார்கள், ஆக மொத்தம் 6 பேர்.

ஓர் ஆளைத் தூக்கும்போது உங்களையறியாமல் மூச்சு வாங்கும். அந்த ஒரு மூச்சே போதும். முகக்கவசமும் வடிகட்டி வைத்த மாஸ்க்கும் இல்லாத ஆக்சிஜனைத் தர முடியாது. முதுகில் காற்றுச் சிலிண்டரோடு வரும் தனிச் சுவாசக் கருவி அணிந்து, பயிற்சி பெற்றவர்கள் இருவராகப் போக வேண்டும். அதுவரை வெளியிலிருந்து கசிவை நிறுத்துவதும் காற்றோட்டம் தருவதும்தான் அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி. மனம் கேட்காது என்று தெரியும். அதனால்தான் இதை முன்கூட்டியே எல்லோரும் பேசி முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அறைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா சார்?

பதில்: வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு தானே உடம்பைத் தாக்கும். காற்றில் அது 4 சதவீதம் ஆனாலே உடனடி உயிராபத்து அளவு. அப்போது ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய 20.1. 19.5இல் ஒலிக்க வைத்த அலாரம் வாய் திறக்காது. 8 மணி நேர வேலைக்கு அனுமதித்த வரம்பு 0.5 சதவீதம், அதாவது 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5,000 பங்கு). 30 கிலோ சிலிண்டர் ஒன்று காலியானால் 16 கன மீட்டர் வாயு, 60 கன மீட்டர் அறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கார்பன் டை ஆக்சைடுக்கென்றே உள்ள மீட்டரை வாங்கித் தரைக்கு அருகில் பொருத்துங்கள், அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்.

கேள்வி: டியூவர் கலன் (குளிர்ந்த திரவத்தை வைக்கும், வெற்றிடக் காப்புள்ள இரட்டைச்சுவர் கலன்) அவ்வப்போது 'புஸ்' என்று சத்தம் போடுகிறது. கசிவா?

பதில்: ரிலீஃப் வால்வ், அதாவது மிகுந்த அழுத்தத்தைத் தானாக வெளியேற்றும் வால்வ், விட்டுவிட்டுத் திறந்தால் இயல்பு. நிற்காமல் சீறினாலோ, கலனின் வெளிச்சுவரில் பனி படர்ந்தாலோ வெற்றிடக் காப்பு போயிருக்கலாம். ஆட்களை வெளியேற்றிவிட்டு சப்ளையரைக் கூப்பிடுங்கள். எந்த நிலையிலும் ரிலீஃப் வால்வை அடைக்காதீர்கள்.

கேள்வி: கசியும் இடத்தில் தண்ணீர் அடிக்கலாமா?

பதில்: திரவத்தின் மேலோ கசியும் வாயிலோ அடிக்காதீர்கள். தண்ணீர் அந்தத் திரவத்துக்கு அடுப்பு மாதிரி, இன்னும் வேகமாகக் கொதிக்கும். ரிலீஃப் வால்வில் பட்டால் உறைந்து அடைத்துவிடும். தீயணைப்புப் படையினர் தெளிப்பு நீரால் மேகத்தைத் திசை திருப்புவார்கள், அது வேறு. சாய்ந்து கிடக்கும் சிலிண்டரிலிருந்து திரவம் பீய்ச்சினால், கருவி அணிந்தவர்கள் வாயு மட்டும் வெளியேறும்படி அதைத் திருப்பிவைக்கலாம். ஒரே ஓட்டையில் திரவம் வெளியேறினால் வாயுவாக வருவதைவிடப் பல மடங்கு நிறை போய்விடும்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு ஹோஸ் அடைத்துக்கொண்டது. தட்டி எடுக்கலாமா?

பதில்: தட்டாதீர்கள், முனையைப் பார்க்கவும் பார்க்காதீர்கள். அழுத்தம் 5.2 பாருக்குக் கீழே போனதும் திரவம் டிரை ஐஸாகி (திட கார்பன் டை ஆக்சைடு) ஹோஸுக்குள் கட்டியாகிறது. பின்னால் அழுத்தம் ஏறி, கட்டி குண்டு போல் பாயும். திரவம் வரும் பக்க வால்வை மூடி, ஹோஸ் அசையாதபடி கட்டி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, தானாக உருக விடுங்கள். டேங்க்கே அழுத்தம் இழந்து உள்ளே டிரை ஐஸ் ஆகியிருந்தால் உடனே திரவம் நிரப்பக்கூடாது. மைனஸ் 78 டிகிரியில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். சப்ளையரின் ஆட்கள் வாயுவை மட்டும் மெல்ல ஏற்றிச் சரிசெய்வார்கள்.

கேள்வி: ஏசி கேஸ் கசிந்தால் பக்கத்தில் வெல்டிங் நடக்கலாமா?

பதில்: நிறுத்துங்கள். ஆர்-22, ஆர்-134ஏ போன்றவை எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் தீச்சுவாலையில் சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடு போன்ற கொடிய அமில வாயுக்களைத் தரும். கண்ணும் தொண்டையும் எரிந்தால் உடனே வெளியே. ஆர்-32 இலேசாக எரியக்கூடியது, அதை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கையில் திரவம் பட்டுவிட்டது, கையுறை ஒட்டிக்கொண்டது.

பதில்: இழுக்காதீர்கள், தோலோடு வரும். தேய்க்காதீர்கள். 37 முதல் 40 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தால் கையுறை தானாக விடும். ஹீட்டர், சுடுநீர் வேண்டாம், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள். கையுறை எப்போதும் உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வாகவும், பேண்ட் ஷூவுக்கு வெளியேயும் இருக்க வேண்டும்.

கேள்வி: புகை போய்விட்டது. எப்போது உள்ளே போகலாம்?

பதில்: புகை போனதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாசலில் இருந்தபடி கம்பில் கட்டிய மீட்டரைக் கணுக்கால், இடுப்பு, தலை என்று மூன்று உயரங்களில் காட்டி, ஒவ்வொன்றிலும் எண் நிலைக்கும் வரை காத்திருங்கள். ஆக்சிஜன் 19.5க்கு மேல், கார்பன் டை ஆக்சைடு 0.5 சதவீதத்துக்குக் கீழ் வந்த பிறகு ஒருவர் மீட்டரோடு உள்ளே போக, இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். குழி, கீழ்த்தளம், சாக்கடை மூடி ஆகியவற்றைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். மேலே காற்று சரியான பிறகும் பல மணி நேரம் அங்கே வாயு தேங்கியிருக்கலாம்.