லேசரால் எலக்ட்ரானை முடுக்க பிளாஸ்மா எதற்கு?

பிளாஸ்மா ஏன் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான முடுக்கியின் உலோகக் குழாயில், எலக்ட்ரானை வேகப்படுத்தும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 10 கோடி வோல்ட்டைத் தாண்டினால் பொறி பறந்து சுவர் பழுதாகிவிடும். பிளாஸ்மா என்பது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன வாயு; அதில் அணுக்கள் ஏற்கெனவே எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் உடைந்துதான் கிடக்கின்றன. இனி உடைய என்ன இருக்கிறது? ஆயிரம் மடங்கு புலத்தையும் தாங்கும்.

சில பத்து ஃபெம்டோ நொடியே (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) நீடிக்கும் லேசர் துடிப்பு உள்ளே பாயும்போது எலக்ட்ரான்களை ஓரமாகத் தள்ளிவிடுகிறது. கனமான அயனிகள் அசையாமல் நிற்கும். அவை இழுக்க, விலகிய எலக்ட்ரான்கள் துடிப்புக்குப் பின்னால் வந்து கூடும். படகு போன தடத்தில் அலை எழுவது போலத்தான். அந்த அலையில் சரியான இடத்தில் சிக்கிய எலக்ட்ரான் சறுக்கியபடியே ஆற்றல் பெறும்.

1979-இல் இயற்பியலாளர்கள் தஜிமாவும் டாசனும் இதைச் சொன்னபோது அவ்வளவு வலுவான லேசரே கிடையாது. லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கி வலுவாக்கும் வழி 1985-இல்தான் வந்தது. 2019-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 20 செ.மீ. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களின் ஆற்றலை 7.8 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு, அதாவது 780 கோடி வோல்ட் மின்னழுத்தம் தரும் ஆற்றலுக்கு, உயர்த்தியது. ஒரு சாண் நீளத்தில்! எனக்கு இன்னும் வியப்புத் தீரவில்லை.

அப்புறம் பயன்கள். முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் அலைக்குள் ஊசலாடும்போதே எக்ஸ் கதிர் வரும். அதைக் கொண்டு எலும்பின் நுண்ணமைப்பைப் படமெடுத்துவிட்டார்கள். இந்த எலக்ட்ரான்களால் புற்றுநோய்ச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான், ஏனென்றால் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும்.