65 இன்ச் ஆசை, பத்தடி ஹால்

ஆடித் தள்ளுபடி பேனர்கள் ஏறத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் ஏறிவிடும். தர்மபுரியில் டிவி பழுது பார்க்கிறேன். 2006-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் கலர் டிவிகள்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவை. அதே வீடுகளிலிருந்து இப்போது 65 இன்ச் மாட்ட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

அண்ணா, எங்கள் ஹால் பத்துக்குப் பதினாலு. கடைக்காரர் 65 எடுங்கள் என்கிறார். என் வீட்டுக்காரர் 55 போதும் என்கிறார். யார் சொல்வது சரி? (பாலக்கோடு)

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி மாட்டும் சுவர் வரை எத்தனை அடி? அதைத்தான் முதலில் அளக்க வேண்டும். பத்தடி அகலத்தின் குறுக்கே பார்ப்பதென்றால் சோபாவின் முதுகுக்கே ஒன்றரை, இரண்டடி போய்விடும். மிஞ்சுவது எட்டடி. டிவியின் இன்ச்சை 1.6-ஆல் பெருக்கிப் பாருங்கள். 55-க்கு 88 இன்ச் வரும், அதாவது ஏழடி நாலு இன்ச். 65-க்கு எட்டடி எட்டு இன்ச். 75-க்குப் பத்தடி. 4கே என்ற மிகத் தெளிவான படங்கள் நிறையப் பார்ப்பவர் இதைவிடக் கொஞ்சம் நெருங்கி உட்காரலாம். கேபிள் சேனல் மட்டும் பார்ப்பவர் நெருங்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆக, உங்கள் வீட்டுக்காரர் ஜெயித்தார். பதினாலு அடி நீளவாக்கில் டிவியை வைக்க இடமிருந்தால் மட்டும் கடைக்காரர் ஜெயிப்பார்.

இன்னொரு வேலை செய்யுங்கள். 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 48 இன்ச், உயரம் 27 இன்ச். 65 என்றால் அகலம் 57, உயரம் 32. பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். கடையில் கூரை உயரம், சுற்றிலும் இன்னும் பெரிய டிவிகள். அங்கே 65 சின்னதாகத்தான் தெரியும். வீட்டில் தாள் தொங்கும்போது ஸ்விட்ச் போர்டு மறைகிறதா, கதவு திறந்தால் இடிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். 32 இன்ச் காலத்தில் ஆசாரியிடம் செய்த ஷோகேஸுக்குள் 55-ஐ நுழைக்கப் பார்த்து, கடைசியில் ஷோகேஸை அறுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

புதிதாக 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். சீரியல் பார்த்தால் பழைய டிவியே தேவலாம் போல மங்கலாக இருக்கிறது. டிவி பழுதா? (காரிமங்கலம்)

டிவி நன்றாக இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் சாப்பாடுதான் பழசு. 4கே திரையில் 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. சாதாரண கேபிள் சேனலில் வருவது 720-க்கு 576, நாலு லட்சத்துச் சொச்சம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளியை டிவி தானாகவே நிரப்ப வேண்டும். பழைய 14 இன்ச் பெட்டியில் அந்த நாலு லட்சமே தாராளமாக இருந்தது. அதனால்தான் அது பளிச்சென்று தெரிந்தது.

செலவில்லாமல் செய்ய முடிந்ததை முதலில் செய்யுங்கள். செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் மூன்றும் செருகியிருக்கிறதா? அப்படியானால் பாதிக் குற்றம் அதன் மேல்தான். பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை (படமும் ஒலியும் ஒரே ஒயரில் தெளிவாகப் போகும் வழி) இருந்தால் அந்த ஒயருக்கு மாற்றுங்கள், முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான் போகிற வீடுகளில் நாலில் ஒன்றிலாவது பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தும் மஞ்சள் ஒயரில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் டிவியின் படச் செட்டிங்கில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். மங்கலான படத்தில் அதைக் கூட்டினால் முகத்தைச் சுற்றிக் கோடு விழுமே தவிர, தெளிவு வராது. ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் சதுரப் படத்தை இழுத்து விரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதையும் சரிசெய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஆறவில்லை என்றால் எச்டி பாக்ஸுக்கும் எச்டி சேனல்களுக்கும் மாறுவதுதான் வழி. அதில் 20 லட்சம் புள்ளிகள் வரும்.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று குழப்புகிறார்கள். ஒன்றரை லட்சம் வரை செலவு செய்யத் தயார். எதை வாங்கலாம் சார்? (ஓசூர்)

இதில் முதல் மூன்றும் ஒரே சாதி. மூன்றுமே எல்சிடி திரைதான். திரைக்குப் பின்னால் எல்இடி விளக்கு எரியும், முன்னால் இருக்கும் திரவப் படிகம் வெளிச்சத்தை விடும், தடுக்கும். க்யூஎல்இடியில் நிறத்தைத் தூய்மையாக்க ஒரு படலம் கூடுதலாக இருக்கும். மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாகவும் ஏராளமாகவும் இருக்கும். அவற்றைப் பகுதி பகுதியாக அணைத்து எரிக்கலாம் என்பதால் கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஓஎல்இடி தனி ரகம். பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். இருட்டு அறையில் அதன் அழகே வேறு.

ஆனாலும் நம் ஊர் ஹாலுக்கு ஓஎல்இடியை நான் கையோடு சிபாரிசு செய்வதில்லை. நம் வீடுகளில் பகலில் வாசல் கதவு திறந்தேதான் இருக்கும், வெளிச்சம் நேரே திரையில் விழும். அதோடு காலை முதல் இரவு வரை செய்தி சேனல் ஓடுகிற வீடுகள் இங்கே அதிகம். கீழே ஓடும் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் ஓஎல்இடியில் தழும்பு மாதிரித் தடம் விழ வாய்ப்புண்டு. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்க்கிற இரண்டு பேர் மட்டும் உள்ள வீடென்றால் தாராளமாக வாங்குங்கள். மற்றபடி உங்கள் பணத்துக்கு மினி எல்இடி என்பது என் கட்சி.

க்யூஎல்இடி என்ற எழுத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பின்விளக்கு ஓரத்தில் மட்டும் இருக்கும் மலிவு மாடல்களிலும் அந்த எழுத்து இருக்கும். கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் இரவுக் காட்சி உள்ள வீடியோ ஒன்றை எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஓட்டும் மயில், பழம், பூ எல்லாம் எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். படத்தை ‘விவிட்’ என்ற நிலையில் வைத்திருப்பார்கள், அதை ‘சினிமா’ நிலைக்கு மாற்றச் சொல்லிவிட்டு உங்கள் வீடியோவைப் போடுங்கள். இருட்டு சாம்பல் பூத்தது போலத் தெரிகிறதா, ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஓரமாகப் போய் நின்று பாருங்கள். சில பேனல்களில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளிறிவிடும். விசேஷ நாளில் பத்துப் பேர் நாலா பக்கமும் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது.

எங்கள் கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும். கோடை மழையில் இடியும் பயம். ஸ்டெபிலைசர் வாங்கியே ஆக வேண்டுமா? (பென்னாகரம் அருகில்)

வோல்டேஜ் இறங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிவியின் முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பல மாடல்களில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். தோட்டத்து மோட்டார்கள் ஓடி 160-க்கு இறங்கினாலும் அது தாங்கும்.

கொல்வது ஏறும் வோல்டேஜ். காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டு லைனில் 400 வரைகூட வந்துவிடும். ஒரே தெருவில் ஐந்து டிவி ஒரே நாளில் என் கடைக்கு வந்தது அப்படித்தான். அதற்காக, வோல்டேஜ் ஏறினால் தானே துண்டிக்கும் வசதி உள்ள ஸ்டெபிலைசர் ஒன்று இருப்பது நல்லது. வாங்கும்போது அந்த வசதியைக் கேட்டு வாங்குங்கள், வெறும் பெட்டியாக வாங்காதீர்கள். திடீரென்று துள்ளும் மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டர் வைத்திருக்கிறேன் என்பவர்கள் முதலில் அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாமல் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

இடிக்கு இவை எதுவும் காவல் இல்லை. மேகம் கட்டியதும் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ தெருவிலிருந்தோ வரும் கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும், நெட் ஒயரையும் கழற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் என்னிடம் வருகிற டிவிகளில் பல, கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்குள் புகுந்த மின்னல் எச்டிஎம்ஐ வழியே போர்டை எரித்தவை. பிளக் மட்டும் பத்திரமாகத் தரையில் கிடந்திருக்கும்!

பல்லி இன்னொரு எதிரி. சூட்டுக்குப் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் போர்டின் மேல் செத்துக் கிடக்கும். ராத்திரி பிளக்கை அணைத்தால் உள்ளே கதகதப்பு இருக்காது, அதற்கும் வேலை இருக்காது.

பெரிய டிவி வந்தால் கரண்ட் பில் எகிறுமா? (கிருஷ்ணகிரி)

55 இன்ச் எல்இடி சுமாராக 120 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்குகிற வீடு என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். டிவியில் ஒட்டியுள்ள நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு மாடலையும் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

அப்பா டிவியை லாஃப்ட்டுக்கு நேர் கீழே உயரமாக மாட்டச் சொல்கிறார், குழந்தைகள் தொட மாட்டார்கள் என்று. நாங்கள் பாய் போட்டுக் கீழே உட்கார்ந்துதான் பார்ப்போம். (ஊத்தங்கரை)

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் எல்லோருக்கும் கழுத்து பிடித்துக்கொள்ளும். சோபாவில் உட்காருபவருக்குத் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 40, 42 இன்ச்சில் இருக்க வேண்டும். தரையில் உட்காருபவருக்கு 30, 32. இரண்டும் கலந்த வீட்டில் 36 வைத்தால் யாரும் சண்டை போட மாட்டார்கள்.

சுவர் என்ன சுவர் என்று எழுதவில்லை. செங்கல், கான்கிரீட் என்றால் பயமில்லை. ஹாலோ பிளாக் என்றால் அதற்கான ஆங்கர் போல்ட் போட வேண்டும். மண் சுவர் என்றால் மாட்டாதீர்கள், மேசையில் வையுங்கள். பெரிய டிவிகளின் கால்கள் இரண்டு கோடியில் இருக்கும் என்பதால் நாலடி அகல மேசை தேவைப்படும். குழந்தைகள் இழுத்தால் சாயாமல் பின்னால் ஒரு பட்டையால் சுவரோடு கட்டிவிடுங்கள்.

பெங்களூரு பக்கம்தான். அங்கே போய் வாங்கினால் விலை குறையுமா? காரில் கொண்டுவந்துவிடலாமா? (தேன்கனிக்கோட்டை)

வரியில் வித்தியாசம் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, அங்கேயும் இங்கேயும் அதே 18தான். கடைக்குக் கடை ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசம் இருக்கலாம். போகும் முன் அந்த கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வந்து சர்வீஸ் செய்வார்களா என்று கேளுங்கள். அஞ்செட்டி மாதிரி மலையோரத்து ஊர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆள் வராத ஊருக்கு வாரண்டி அட்டை இருந்து என்ன பயன்?

காரில் கொண்டுவருவது பற்றி என் கதையைச் சொல்கிறேன். அக்கா மகள் கல்யாணச் சீருக்காக சேலத்தில் ஒரு 55 இன்ச் வாங்கினேன். டெலிவரிக்கு நாலு நாள் ஆகும் என்றார்கள். தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் பின் சீட்டை மடக்கி, பெட்டியைப் படுக்கப் போட்டு, மேலே பாத்திர மூட்டையையும் வைத்துத் தொப்பூர் கணவாய் ஏறினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் ஒரு கீறல் இல்லை. டிவியைப் போட்டால் திரையில் சிலந்தி வலை! உடைந்த பேனலுக்கு வாரண்டி கிடையாது, புதுப் பேனல் விலையே ஒரு டிவி விலையில் பாதிக்கு மேல் வந்துவிடும். மருமகளுக்கு வேறு டிவி வாங்கிக் கொடுத்தேன். பெரிய டிவி பெட்டி எப்போதும் நின்றபடிதான் பயணம் செய்ய வேண்டும். கடையின் வண்டியிலேயே வரட்டும். வந்ததும் நீங்களாகப் பிரிக்காமல், கம்பெனி ஆள் வந்து பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

120 ஹெர்ட்ஸ் கட்டாயமா? (அரூர்)

திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பதுதான் அது. பிள்ளைகள் கேம் கன்சோலில் விளையாடினால் உபயோகம். கேபிள் கிரிக்கெட்டுக்காக என்றால் கூடுதல் பணம் தர வேண்டாம். வாங்கிய பிறகு படம் பார்க்கும்போது நடிகர்கள் சீரியலில் நடப்பது மாதிரி வழுவழுவென்று நகர்ந்தால், செட்டிங்கில் ‘மோஷன்’ என்ற சொல் வரும் வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள்.

நெட் வைத்தே எல்லாம் பார்க்கலாம் என்று கேபிளை நிறுத்தப் போகிறோம். இப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்தான் இருக்கிறது. போதுமா? (காவேரிப்பட்டணம்)

4கே படத்துக்கு ஒரு மணி நேரத்தில் 7 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும், படத்தில் ஹீரோ அறிமுகமே முடிந்திருக்காது. 15 எம்பிபிஎஸ் வேகம் தடையில்லாமல் வர வேண்டும், அதற்கு ஃபைபர் இணைப்புதான் சரி. இணைப்பு வந்தபின் ரவுட்டரை உள்ளறை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், டிவி இருக்கும் ஹாலிலேயே வையுங்கள். ஃபைபர் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு, அதன் பிறகு கேபிள்காரரிடம் பாக்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.