காப்புரிமை விண்ணப்பத்தின் கோரிக்கையில் ‘முறை’ என்பதை ‘பயன்பாடு’ என்று மாற்றினால் ஆட்சேபம் நீங்குமா?

நீங்காது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தைக் கொடுத்து நாள்பட்ட சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை செய்யும் ‘முறை’ என்ற கோரிக்கையை (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தை) ‘பயன்பாடு’ என்று திருப்பி எழுதினால், சிகிச்சை முறைகளுக்குக் காப்புரிமை மறுக்கும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஐ)-யிலிருந்து தப்பி 3(டி)-யில் மாட்டுவீர்கள். தெரிந்த மருந்துக்கு வெறும் புதுப் பயன்பாடு காட்டினால் அது இங்கே காப்புரிமைக்குரிய கண்டுபிடிப்பு ஆகாது.

அமெரிக்காவுக்கு எழுதிய கோரிக்கையை அப்படியே இங்கேயும் தாக்கல் செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அங்கே சிகிச்சை முறைக்கே காப்புரிமை உண்டு.

முதலில் தாக்கல் செய்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். மருந்துக் கலவை பற்றி ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மருந்துகள் சேரும்போது தனித்தனிப் பலன்களின் கூட்டலைவிட அதிகம் கிடைப்பதைக் காட்டும் தரவு வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கலவைகளை விலக்கும் பிரிவு 3(இ) குறுக்கே நிற்கும். கலவைக் கோரிக்கையே இல்லையென்றால் சிரமம்தான், முதலில் தாக்கல் செய்ததன் எல்லையைத் தாண்டித் திருத்த பிரிவு 59 விடாது.

காப்புரிமை அலுவலகம் ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் ஆய்வறிக்கையை அனுப்பிய தேதியிலிருந்து பதில் தர 6 மாதம் கெடு. அந்தத் தேதியை இன்றே பாருங்கள்.