ஆக்சிஜன் 98 காட்டினால் மாரடைப்பு இல்லையா?

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், என் கணவருக்கு (அப்போது வயது 56, சர்க்கரை உண்டு) நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஆக்சிமீட்டரில் 98 காட்டியதால் வாயுதான் என்று இரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். பிறகு பார்த்தால் மாரடைப்பு. இப்போது இதயத்தின் பம்பிங் 35 சதவீதம். இன்றும் ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்றால் ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டேன் என்கிறார். மறுபடி வலி வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்? - வாசகி, விருதுநகர்

பதில்: ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் அந்த 98-ஐப் பற்றி. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும்தான் ஆக்சிமீட்டர் சொல்லும். மாரடைப்பில் சிக்கல் வேறு இடத்தில்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. அது விரல் நுனியில் தெரியாது. பெரிய மாரடைப்பிலும் 98, 99 காட்டலாம். கொரோனாவுக்காக வாங்கிய கருவியை வைத்து நெஞ்சு வலிக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டவர்கள் அப்போது நிறையப் பேர். தேவைப்பட்டது ஓர் ஈசிஜி. அதுவும் முதல் ஈசிஜி சரியாக இருந்தால்கூட, சிறிது நேரம் கழித்து இன்னொன்று எடுத்து, ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) ரத்தப் பரிசோதனையும் செய்துதான் மருத்துவர்கள் முடிவுக்கு வருவார்கள்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். உலகமே அப்படித்தான் பயந்து கிடந்தது. 2020 மார்ச் இறுதியில், மாரடைப்பு போன்ற அவசர இதயப் பிரச்சினைகளுக்காக இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வழக்கத்தைவிட 40 சதவீதம் குறைவு. இத்தாலியில் அதே மார்ச்சில் ஒரு வாரக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நோய் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. ஆட்கள்தான் வரவில்லை, வந்தவர்களில் பலர் தாமதமாக வந்தார்கள்.

அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, அடைத்த குழாயை பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ முதல் ஓரிரு மணி நேரத்தில் கிடைத்தால் தசையில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். 12 மணி நேரம் தாண்டினால் ஊசியால் பெரிதாகப் பயனில்லை. செத்த தசை தழும்பாகிவிடும். உங்கள் கணவரின் 35 சதவீதம் பெரும்பாலும் அந்த இரண்டு நாளின் கணக்குதான். தொற்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகக்கவசம் இருக்கிறது, ஒட்டினாலும் பலருக்குச் சரியாகிவிடும். போன தசை திரும்பாது.

சரி, வலி வந்தால் என்ன செய்வது? உட்கார வையுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் அவருக்கு ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால் ஒன்று கொடுக்கலாம். தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-க்கு அழையுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் அந்த ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். ஆஸ்பிரின் விஷயத்தில் நீங்களாக முடிவெடுக்காமல், அவசரத்தில் எவ்வளவு தரலாம் என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, திடீர்ச் சோர்வு என்றும் மாரடைப்பு வரும். அதையும் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவர் பயப்படும் காய்ச்சலே ஒரு காரணமாகலாம். ஃப்ளூ வந்த முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஆகவே ஊரில் காய்ச்சல் பரவும் நாட்களில்தான் நெஞ்சு வலியைக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த செக்கப்பில் ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடைசியாக எடுத்த ஈசிஜியின் ஜெராக்ஸ், மாத்திரைச் சீட்டு இரண்டையும் ஒரே கவரில் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால் புதிய மாற்றத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவர்களான எங்களுக்குச் சுலபம்.