நீட் மறுபடி எழுதலாமா? மொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்

உங்கள் தங்கை முதல்முறை நீட் எழுதி 720-க்கு 410 எடுத்திருக்கிறாள், இன்னொரு வருடம் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே இடத்தில் நின்றவள்தான். முதல்முறை எனக்கு 435.

எங்கள் வீட்டில் பத்து நாள் அந்த 435-ஐ வைத்தே பேசிக்கொண்டிருந்தோம். மாமா எழுதட்டும் என்பார், அப்பா செலவைக் கணக்குப் போடுவார். ஒரு முடிவும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் வினாத்தாள், விடைகளைக் குறித்த என் ஓஎம்ஆர் தாளின் நகல், தேர்வை நடத்தும் என்டிஏ வெளியிட்ட விடைக்குறிப்பு மூன்றையும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

180-ல் 120 சரி, 45 தவறு, 15 விட்டுவிட்டேன். அந்த 45-ல் 11 கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. "தவறான கூற்று எது" என்று கேட்டிருக்க, சரியான கூற்றைக் குறித்திருந்தேன். ஒரு இயற்பியல் கணக்கை வினாத்தாள் ஓரத்தில் முழுதாகப் போட்டிருக்கிறேன், சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. அந்தத் தவறான விடையும் நான்கில் ஒன்றாக அங்கேயே இருந்தது! இப்படி ஒவ்வொன்றிலும் வரவேண்டிய 4 போய், மைனஸ் 1 வேறு. 11 கேள்விக்கு 55 மதிப்பெண்.

இன்னும் 18, இரண்டு விடை வரை வந்து ஊகித்தவை. அதில் தப்பில்லை, அப்படி ஊகிப்பது கணக்குப்படி லாபம்தான். மீதி 16-ம் விட்டுவிட்ட 15-ம் கிட்டத்தட்ட எல்லாமே இயற்பியல். சுழற்சி இயக்கமும் மின்னோட்டமும் எனக்குப் புரியவே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எழுதலாம் என்று துணிந்தேன். 720-ல் பாதி உயிரியல், அது என் கையில் இருந்தது. என்ன படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் 566 வந்தது. என்னோடு விடுதியில் இருந்த ஒருத்தி மூன்றாவது முறையாக எழுதினாள். ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் படிப்பாள். மதிப்பெண் எங்கே போகிறது என்று யாரும் அவளுக்கு உட்கார்ந்து பார்த்துச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் போல இரண்டு அமர்வில் நல்லதை எடுத்துக்கொள்ளும் வசதி நீட்டில் இல்லை. இந்த வருட மதிப்பெண் அடுத்த வருடக் கலந்தாய்வுக்கு உதவாது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. அதனால் வரம்பை நீங்கள்தான் இப்போதே பேசி வைக்க வேண்டும். இந்த வருடக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவைப் பொறுத்து கட்ஆஃப் நிறைய மாறும். தமிழ்நாட்டில் என்றால் கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். அதற்கும் போட்டு வையுங்கள்.

சரி, இன்னொன்று. எனக்குக் கஷ்டமாக இருந்தது படிப்பு இல்லை. கூடப் படித்தவர்கள் கல்லூரி அடையாள அட்டையோடு ஸ்டேட்டஸ் வைத்த அந்த முதல் இரண்டு மாதம்தான். அம்மா தினமும் ராத்திரி வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உங்கள் தங்கையிடம் தனியாக, மற்றவர்கள் இல்லாதபோது, எழுத விருப்பமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு அவளோடு உட்காருங்கள்.