வாடகை அறை கைவிட்டுப் போகும் நேரத்தில் ஏடிஎச்டி, ஆட்டிசம் பரிசோதனை: எது முதலில்?

கேள்வி: எனக்கு வயது 34. சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் பிறந்து, பட்டப்படிப்பு முடித்து, கோலாலம்பூரில் கணக்கெழுதும் வேலை செய்து வருகிறேன். என் அக்காள் மகனுக்கு ஆட்டிசமும், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் குறைபாடும் இருப்பதாக அண்மையில் உறுதிசெய்தார்கள். அந்த மருத்துவர் அக்காவிடம் கேட்ட கேள்விகளை உடனிருந்து கேட்டபோது, அவர் என்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. பில் கட்ட மறப்பதும், எந்த வேலையையும் கடைசி நேரம் வரை தொட முடியாமல் தவிப்பதும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காமல் போவதும், கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம் தாங்காமல் வெளியே போய் நிற்பதும் எனக்குச் சிறு வயது முதலே உண்டு. இதனால் வேலையும் இழந்திருக்கிறேன்.

இப்போது செந்தூலில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டை விற்கப் போவதாகச் சொல்லி, மாத இறுதிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் கேட்கிறார். தனியார் நிலையத்தில் பரிசோதனைக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். அந்தப் பணம் கையில் இருந்தால் புதிய அறைக்கு முன்பணம் கட்டிவிடுவேன். நான் பார்த்த ஒரு கிளினிக் டாக்டரோ, "பட்டம் வாங்கியவருக்கு ஏடிஎச்டி எப்படி வரும்? அதுவும் இரண்டும் ஒருவருக்கே இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முதலில் வீட்டைப் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செந்தூல்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. வீட்டுக்குக் கெடு மாத இறுதி. பரிசோதனைக்கு அப்படியொரு கெடு இல்லை. ஆனால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதல் சந்திப்புக்கே பல வாரங்களோ மாதங்களோ காத்திருக்க நேரும் என்பதால், வீடு நிலைப்பட்ட பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிட்டால், அந்தக் காத்திருப்பும் அன்றுதான் தொடங்கும். ஆகவே, இந்த வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் பெயரை வரிசையில் சேர்த்துவிடுங்கள். மீதி நாட்களை முழுவதுமாக வீட்டுக்குக் கொடுங்கள்.

அதற்கு இரண்டாயிரம் வெள்ளி தேவையில்லை. உங்கள் வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்குள்ள மருத்துவரிடம் மனநல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்தக் கடிதத்துடன் கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கிற்குச் சென்றால் ஒரு வருகைக்கு 5 ரிங்கிட்தான். பல்கலைக்கழக மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. அவற்றின் கட்டணம் வேறு. பெரியவர்களுக்கான ஆட்டிசப் பரிசோதனையில் தேர்ந்தவர்கள் குறைவு என்பதால், ஏடிஎச்டி முடிவு முதலிலும் ஆட்டிசம் பற்றிய முடிவு நெடுநாள் கழித்தும் வரக்கூடும். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகவரி மாறினாலும் கைப்பேசி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். சந்திப்பு நாள் மாறினால் மருத்துவமனை உங்களைத் தேடுவது அந்த எண்ணில்தான்.

அந்த டாக்டர் சொன்னதை இங்கே பேசாமல் விட முடியாது. இரண்டும் ஒருவருக்கே இருக்காது என்பது ஒரு காலத்தில் உண்மையிலேயே விதியாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, ஐந்தாம் பதிப்பு வெளிவந்த 2013 வரை, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்துக் குறிக்க இடம் தரவில்லை. அந்தப் பதிப்பு இரண்டையும் ஒருசேரக் கண்டறிய அனுமதித்தது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஆறு அறிகுறிகளுக்குப் பதில் ஐந்து போதும் என்றது. அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 12 வயது எனத் தளர்த்தியது. பட்டம் பெற்றது எதையும் பொய்யாக்கிவிடாது. எத்தனையோ பெண்கள் கெட்டிக்காரத்தனத்தாலும், விடிய விடிய விழித்திருந்து எழுதிய பரீட்சைகளாலும், பிறரைப் பார்த்துப் பழகிய பேச்சாலும் இதை மறைத்துக்கொண்டே முப்பதைக் கடந்திருக்கிறார்கள். மேலும், இவ்விரண்டும் குடும்ப வழியில் வலுவாகத் தொடர்பவை. அக்காள் மகனின் செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டு நெருக்கடியையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால் எல்லாம் கவலையால் வந்தது என்று தள்ளிவிடுவார்களோ என்று பலர் அஞ்சுகிறார்கள். மாத இறுதியில் எங்கே படுப்பது என்று தெரியாத எவருக்கும் கவனம் சிதறும், தூக்கம் கெடும், மறதி வரும். மனச்சோர்வும் தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே தோற்றத்தைத் தரும். நிபுணர் பிரித்தறிய வேண்டியது, இந்த நெருக்கடிக்கு முன்பும், முந்தைய வேலைகளிலும், பள்ளி நாட்களிலும் இது இருந்ததா என்பதைத்தான். அதற்குச் சான்று உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்புகள், வேலையிடத்தில் கிடைத்த எச்சரிக்கைக் கடிதங்கள், தாமதக் கட்டணம் காட்டும் பில்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள்; வீடு மாறும்போது முதலில் தொலைவது இவைதாம் என்பதால், இன்றே படமெடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட ஏடிஎச்டி வினாத்தாளை நிரப்பியிருந்தால் அதையும் கொண்டு போகலாம். அது வடிகட்டி மட்டுமே, முடிவு ஆகாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வாழ்க்கைச் சம்பவங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி வைத்துக்கொண்டால், பதற்றத்தில் பாதியை விட்டுவிட மாட்டீர்கள்.

இனி வீடு. வீட்டுக்காரர் சொன்னவுடன் மூட்டை கட்ட வேண்டிய கட்டாயம் எல்லா நிலைமைகளிலும் இல்லை. 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரிடமிருந்து வீட்டை நீதிமன்ற நடவடிக்கை வழியாகத்தான் மீட்க முடியும். பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் வழியல்ல. ஆனால் அறை வாடகையில், குறிப்பாக வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்தால், உங்கள் நிலை வாடகைதாரர் என்பதிலிருந்து மாறுபடக்கூடும். ஒப்பந்தம், வாடகை செலுத்திய ரசீதுகள், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றுடன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அங்கு இலவச ஆலோசனை கிடைக்கும். என்னுடைய எண்ணம், சட்டத்தைக் காட்டிச் சண்டையிடுவதை விட, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு மாத அவகாசத்தை எழுத்து மூலம் கேட்பதே பலன் தரும் என்பது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையில் தொடரலாம். குறைந்த வருமானத்தினருக்கான பிபிஆர் அரசு அடுக்குமாடி வீடுகளின் மாத வாடகை 124 ரிங்கிட்தான் என்றாலும் காத்திருப்போர் ஏராளம். விண்ணப்பியுங்கள், இந்த மாதத்துக்கான தீர்வாக மட்டும் அதை எண்ணாதீர்கள்.

வீட்டையும் மருத்துவத்தையும் இணைக்கும் ஒருவர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார், அதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை. அவர் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி. தங்குமிடமோ பண உதவியோ தேவைப்படும் நோயாளியைச் சமூக நல இலாகாவுடனும் பிற உதவி அமைப்புகளுடனும் தொடர்புபடுத்துவது அவருடைய வேலை. ஆனால் மருத்துவர் அனுப்பி வைத்தால்தான் பெரும்பாலும் அவரைப் பார்க்க முடியும். எனவே முதல் சந்திப்பிலேயே, "எனக்கு வீடு இல்லாமல் போகும் நிலை, சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதற்கு முன்பே இரவு தங்க இடமில்லாமல் போனால், 24 மணி நேரமும் இயங்கும் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள். மனம் தாங்காத நேரத்தில், மன ஆறுதல் தரும் தொண்டு அமைப்பான பெஃப்ரெண்டர்ஸின் 03-76272929 எண்ணும் எப்போதும் திறந்திருக்கும்.

உறுதியான பிறகு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசமும் ஏடிஎச்டியும் சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளிப் பதிவில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்குபவை. பதிவது உங்கள் விருப்பம். ஆயுள் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பத்தில் இதை அறிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. பலர் வந்து போகும் வீட்டில் பூட்டி வைக்க இடம் வேண்டும், வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்குள்ள மருத்துவமனைக்கு மாற்றுக் கடிதம் வேண்டும். வேலையிடத்தில் ஏதேனும் வசதி கேட்க முடிவு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை: 2023 முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி நெகிழ்வான வேலை நேரத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: என் 27 வயது மகன் தனக்கு ஆட்டிசப் பரிசோதனை நடப்பதாகவும், நானும் மருத்துவரிடம் வர வேண்டும் என்றும் சொல்கிறான். வளர்ப்பில் குறை காண்பார்களோ என்று தயங்குகிறேன்.
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: தயங்காமல் போங்கள், அம்மா. ஆட்டிசம் வளர்ப்பினால் வருவதில்லை. மகனுக்கு நினைவில்லாத மூன்று, நான்கு வயதுக் காலத்தைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்: எப்போது பேசினான், யாருடன் விளையாடினான், எந்தச் சத்தத்துக்கு அழுதான், எந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டான் என்பவற்றைத்தான் கேட்பார்கள். குழந்தைப் பருவத்தில் அரசு கிளினிக்கில் கொடுத்த உடல்நலப் பதிவுப் புத்தகம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தமிழில்தான் விளக்கமாகச் சொல்ல வரும் என்றால், மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும் என்று சந்திப்பு நாளுக்கு முன்பே மகனைத் தொலைபேசியில் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.