படிக்கட்டு இறங்கினால் படம் அறுந்துபோகிறதே!

கேள்வி: உளவு பார்க்கும் சிறிய தரை ரோபோ ஒன்றைச் செய்து சோதித்து வருகிறோம். வெட்டவெளியில் 200 மீட்டர் வரை படம் தெளிவாக வருகிறது. அடித்தளத்தில் இறங்கி இரண்டு திருப்பம் போனதும் திரை உறைந்துவிடுகிறது. டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: கொஞ்சம் சரியாகும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. சிக்னல் பலத்தை டெசிபலில் அளப்பார்கள்; சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். தடித்த கான்கிரீட் சுவர் ஒன்றே 10, 20 டெசிபலை விழுங்கிவிடும். சிக்னலில் பத்தில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோதான் மறுபக்கம் வந்து சேரும். போதாததற்கு, உரத்த ரேடியோ நீங்கள் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். ரிமோட்டில் வெடிக்கும் குண்டுகளைத் தடுக்கப் பக்கத்தில் ஜாமர் (ரேடியோ சிக்னலை முடக்கும் கருவி) ஓடினால் அது உங்கள் ரோபோவையும் சேர்த்தே ஊமையாக்கும். வெடிகுண்டு அகற்றும் ரோபோக்கள் பலவற்றில் இன்னும் கேபிள் இருப்பது பழைய பழக்கத்தால் அல்ல.

சரி, கேபிளுக்கே போய்விடலாமா? போகலாம், ஆனால் சுருளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுருள் உங்கள் பக்கம் இருந்தால், போன தூரம் முழுவதையும் ரோபோ இழுத்தாக வேண்டும். மூலைக்கு மூலை உராய்வு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திலும் இழுவிசை 1.6 மடங்காகும். நாலு திருப்பத்தில் ஆறு மடங்கைத் தாண்டிவிடும். மெல்லிய ஃபைபர் (ஒளியிழை) கேபிள் சுருளை ரோபோவின் முதுகில் ஏற்றி, போகப் போக அவிழ்த்து விட்டால் இந்த இழுபறியே இல்லை. ரோபோ திரும்பும்போது அந்தக் கேபிள் அதன் சக்கரத்திலேயே சுற்றிக்கொள்ளும் ஆபத்து மட்டும் உண்டு. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் அனுப்பப்பட்ட ஜப்பானின் குவின்ஸ் ரோபோ, 2011 அக்டோபரில் திரும்பி வரும் வழியில் கேபிள் பழுதாகித் தொடர்பற்றுப்போய், உள்ளேயே கைவிடப்பட்டது.

கேபிள் வேண்டாமென்றால், சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும் சின்ன ரிலே பெட்டிகளைத் திருப்பத்துக்கு ஒன்றாக ரோபோவே போட்டுக்கொண்டு போகட்டும். சிக்னல் அறுந்த பிறகு போட்டுப் பயனில்லை, பலவீனமாகும்போதே போட வேண்டும். கட்டளையைத் தாழ்ந்த அலைவரிசைக்கு மாற்றுங்கள்: சுவரை ஓரளவு நன்றாக ஊடுருவும். படம் போனாலும் 'பின்னால் வா' என்ற சொல்லாவது போய்ச் சேரும். படத்தின் தரத்தையும் குறையுங்கள். கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க சினிமாத் தரம் எதற்கு?

எல்லாவற்றையும்விட முக்கியம், தொடர்பு போனால் ரோபோ என்ன செய்யும் என்பது. நின்றுவிடும் என்றால், அதை எடுக்க ஒரு மனிதர் உள்ளே போக வேண்டும். யாரும் போகக்கூடாது என்றுதானே ரோபோவையே அனுப்பினோம்! சில விநாடி காத்துப் பார்த்துவிட்டு, வந்த தடத்திலேயே கடைசியாகச் சிக்னல் இருந்த இடம் வரை பின்வாங்கும்படி நிரல் எழுதுங்கள். அதற்குச் சக்கரச் சுழற்சிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், படியில் வழுக்கும்போது அது பொய் சொல்லும். திசைமாற்றத்தை அளக்கும் ஜைரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ரோபோ பாதிப் படியில் இருக்கும்போது உங்கள் பக்கத்து ரேடியோவை வேண்டுமென்றே அணைத்துப் பாருங்கள்.